தறி நின்ற சனிக்கிழமை

கருமத்தம்பட்டியில் ஒருவர் வீட்டுக்கு வந்து, கொடுத்த காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று அர்த்தம். குரல் உயராது, முகம் கோணாது, பேச்சில் ஒரு 'ங்க' கூடக் குறையாது. காப்பி மட்டும் ஆறிக்கொண்டே இருக்கும். அந்த வியாழக்கிழமை தம்பிதுரை முன்னால் இருந்த டம்ளரில் ஆடை படிய ஆரம்பித்தபோதே கீதாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

தம்பிதுரை அந்த வட்டாரத்தில் இருநூறு தறிக்குப் பாவு கொடுக்கிறவர். நூலை வாங்கி, கஞ்சி போட்டு, பெரிய உருளையில் சுற்றி அனுப்புவார். அதுதான் பாவு. கீதா வீட்டைப் போலத் தறி மட்டும் வைத்திருக்கிறவர்கள் அதை நெய்து, துணியாகத் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்வார்கள். பாவு வந்தால் அடுப்பு எரியும். வராவிட்டால் ஷெட்டில் நிற்கிற பன்னிரண்டு தறியும் வெறும் இரும்பு.

"சனிக்கெழம என்னமோ கூட்டம் போடறீங்களாமா அம்மணி?" என்றார் தம்பிதுரை.

"ஆமாங்கண்ணா. கம்ப்யூட்டர் கூட்டமுங்க. கோயமுத்தூர்ல மாசாமாசம் நடக்கறதுதானுங்க. இந்த மாசம் நம்ம ஊட்டுல வெச்சுக்கறோம்."

"அது என்ன கம்ப்யூட்டரு, எனக்குத் தெரியாம?"

"ஏஜென்ட்டுன்னு சொல்றாங்கல்லங்க, நாம சொல்ற வேலையத் தானாச் செய்யற சாப்ட்வேரு. அதுல ஓப்பன் சோர்ஸ்னு இருக்குதுங்க. ஆரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், உள்ள என்ன இருக்குதுன்னு பிரிச்சுப் பாக்கலாம், நம்ம ஊட்டுக் கம்ப்யூட்டர்லயே ஓட்டிக்கலாம். அத வெச்சிருக்கறவங்க ஒண்ணாக் கூடி, எனக்கு இது வருது, எனக்கு இது வரலைன்னு பேசிக்கறதுங்க. அவ்வளவுதானுங்க."

"நம்ம தறிக்காரங்களும் ஏழு பேரு வாராங்கன்னு காதுல உழுந்துச்சு."

"ஒம்பது பேருங்க," என்றாள் கீதா. பக்கத்தில் நின்றிருந்த அவள் கணவன் மோகன்குமார் தரையைப் பார்த்தான். எண்ணிக்கையைத் திருத்தாமல் இருந்திருக்கலாம் என்று அவன் நினைத்தது அவன் கழுத்திலேயே தெரிந்தது.

தம்பிதுரைக்கு வயிறு எரிய ஒரு காரணம் இருந்தது. பங்குனியில் இவர்கள் நெய்து அனுப்பியதில் இருபத்திரண்டு பீஸ், டேமேஜ் என்று திரும்பி வந்தது. நெசவுக் கோளாறு என்று சீட்டில் எழுதியிருந்தது. கோளாறு பாவில் இருந்தாலும் நெசவில் இருந்தாலும் டேமேஜ் தறிக்காரன் தலையில்தான் விழும். ஊரில் எல்லோரும் அதை வெயில் மழை மாதிரி எடுத்துக்கொண்டு பழகியிருந்தார்கள். மோகன்குமாரும் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, மூன்றாம் நாள் எழுந்து தறி ஓட்டப் போய்விட்டான். கீதாவால்தான் அப்படி எழுந்து போக முடியவில்லை.

அவள் ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி, சமையலறைக்கும் ஷெட்டுக்கும் நடுவில் இருக்கிற அறையில் வைத்தாள். போத்தனூரில் இருந்து ஹரிதா என்ற பெண் ஸ்கூட்டரில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்து ஏஜென்ட்டைப் போட்டுக் கொடுத்தாள். கோவையில் இந்த மாதாந்திரக் கூட்டங்களை நடத்துகிறவள் அவள்தான். பைசா வாங்கவில்லை; இரண்டு முறையும் சந்தகையும் தேங்காய்ப்பாலும் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

ஏஜென்ட்டோடு பேசும் வேலை பூவாத்தாளுடையது. இருபது வருடமாக அந்த ஷெட்டில் தறி ஓட்டுகிறவள். நூல் அறும்போதெல்லாம் முடிச்சுப் போட்டு, ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, வெளியே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போவாள். உள்ளே தறிச் சத்தத்தில் பேச்சு எதுவும் பதியாது. "ஏனுங்க ஏஜென்ட்டு, கேக்குதுங்களா? மூணாந்தறி, பாவு நம்பரு எட்டு. நடு நூலு அத்துப்போச்சுங்க. முடிச்சுப் போட்டுப்போட்டேன்." அது தேதி, நேரம், பாவு எண், படம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவைத்துவிட்டு, "பதிவு செய்யப்பட்டது, நன்றி" என்று சொல்லும். மேடையில் பேசுகிறவர்களைப் போலப் பேசுகிறது என்று பூவாத்தாளுக்கு ஒரே சிரிப்பு. முதல் மாதம் அவள் பேச்சு அதற்குப் பாதிதான் புரிந்தது. கீதா உட்கார்ந்து நானூறு வாக்கியங்களைத் திருத்தித் திருத்தி அதைப் பழக்கினாள். பழக்கியதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டும் விட்டாள்.

சித்திரைக் கடைசியில் மறுபடியும் டேமேஜ் வந்தபோது அவள் அந்தப் பட்டியலை அச்சடித்து எடுத்துக்கொண்டு நேராகத் தம்பிதுரையின் துணி மடிக்கிற கூடத்துக்குப் போனாள். அறுந்த நூலில் முக்கால்வாசி, ஒரே நாளில் கஞ்சி போட்ட மூன்று பாவில் அறுந்தது. மற்றப் பாவுகளில், அதே தறி, அதே பூவாத்தாள், ஒன்றும் இல்லை. ஆறு தறிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தம்பிதுரை அந்தத் துணியை ஏற்றுக்கொண்டார். அந்த ஆறு பேர்தான் இப்போது ஒன்பதாகியிருந்தார்கள்.

"என்ற பையன் ஒரு ஆப்பு பண்ணிருக்கறான் அம்மணி," என்றார் தம்பிதுரை. "நீங்க எழுதறதையெல்லாம் அதுலயே எழுதிக்கலாம். காசு வேண்டாம். தறிக்காரங்களுக்குச் சும்மாவே குடுத்தர்றோம். எதுக்கு இந்தக் கூட்டம், கீட்டமெல்லாம்?"

"எழுதறது நாங்க. எழுதுனது எங்கீங்கண்ணா இருக்கும்?"

"எங்க ஆபீஸ்ல இருக்கும். எங்க இருந்தா என்ன? நாம என்ன அந்நியமா?"

"உங்ககிட்ட இருக்கறது தப்பில்லீங்கண்ணா. எங்ககிட்ட இல்லாமப் போறதுதானுங்க தப்பு."

தம்பிதுரை சிரித்தார். மனதார வந்த சிரிப்புதான். அவருக்குப் புத்திசாலிகளைப் பிடிக்கும், தனக்குக் கீழே இருக்கும்வரை. எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"கூட்டம் போடறது உங்க இஷ்டம். நான் வேண்டாங்கல. பாவு குடுக்கறது என்ற இஷ்டம். ரெண்டையும் நெனச்சுப் பாத்துக்குங்க." வாசல் வரை போனவர் நின்றார். "அப்பாவுக்கு எப்பிடி இருக்குது மோகனு?"

"மார்ச்சளிங்கண்ணா. நாலு நாளாக் கஞ்சிதானுங்க குடிக்கறாரு."

"பாத்துக்கோ. நல்ல மனுசன்," என்று சொல்லிவிட்டுத்தான் போனார். காப்பியைக் கீதா எடுத்துக்கொண்டு போய்ச் செடிக்கு ஊற்றினாள்.

தறிக்காரர் வீட்டுச் சண்டை வெளியே கேட்காது. பன்னிரண்டு தறி அடிக்கிற சத்தத்துக்கு நடுவே நின்றுகொண்டு, உதட்டைப் பார்த்துப் பேசிப் பழகியவர்கள் அவர்கள். அன்று சாயங்காலம் மோகன்குமார் ஐந்தாம் தறியிலும் கீதா ஏழாம் தறியிலும் நின்றுகொண்டு, நடுவில் ஆறாம் தறி ஓட ஓட, முக்கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். பூவாத்தாள் எல்லாவற்றையும் படித்துக்கொண்டு, ஒன்றும் படிக்காதவள் மாதிரி குறுக்கே ஓடுகிற நாடாவில் நூல் தீர்ந்த தாரை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"அவரு பாவ நிறுத்திட்டா என்ன பண்ணுவ?"

"வேற பக்கம் வாங்கலாங்க."

"அவரு ஒரு ஃபோனப் போட்டா எவங் குடுப்பான்? சொல்லு, எவங் குடுப்பான்?"

கீதாவுக்கும் பயமாகத்தான் இருந்தது. மகள் நித்யஸ்ரீ கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், மாமனாருக்கு மருந்து, பூவாத்தாள் வீட்டிலும் இந்தத் தறியை நம்பி அடுப்பு. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. தன் வீட்டில் தான் எழுதிவைத்த உண்மையை நான்கு பேரிடம் காட்டக்கூடாது என்று சொல்ல இன்னொருவருக்கு எங்கிருந்து உரிமை வந்தது என்பதை அவளால் விழுங்கவே முடியவில்லை.

"டேமேஜ் வந்தப்ப நீங்க ரெண்டு நாள் சோறு திங்கலீங்க," என்று உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள். "அது எனக்கு மறக்கலீங்க. கூட்டம் நடக்கோணும்."

மோகன்குமார் ஒரு விரலைத் தூக்கினான். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. தறி நிக்கக் கூடாது. என்ன கூட்டம் வேணும்னாலும் போட்டுக்கோ, ஊட்டு வாசல்ல, வெளிய. தறி ஓடீட்டே இருக்கோணும்."

"செரிங்க. நிக்காது," என்றாள். வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்தத் தெருவில் வேலை நாளில் தறி நிற்கிறது என்றால் மூன்றே காரணம்தான். கரண்டு போயிருக்க வேண்டும். அல்லது கூலிக்காக ஸ்ட்ரைக் நடக்க வேண்டும். அல்லது அந்த வீட்டில் சாவு. சாவு விழுந்த வீட்டில் தறி நின்றால் பக்கத்து ஷெட்டிலும் உடனே நிறுத்துவார்கள். அழுகிற வீட்டுக்குத் தறிச் சத்தம் கேட்கக் கூடாது என்பது அங்கே யாரும் சொல்லித் தராத மரியாதை. பிணம் எடுத்த பிறகுதான் மறுபடி ஓட்டுவார்கள்.

சனிக்கிழமை காலையில் ஆடிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து புழுதியை அள்ளிக்கொண்டு வந்தது. ஆடியில் எவளாவது புதுசாக ஒன்றை ஆரம்பிப்பாளா என்று சொந்தக்காரர்கள் ஏற்கனவே கேட்டிருந்தார்கள். கீதா விடியும் முன்பே எழுந்து, பூவாத்தாளோடு சேர்ந்து ஒரு அண்டா நிறைய அரிசியும் பருப்பும் சாதத்துக்கு அடுப்பு மூட்டினாள். நாற்பது பேருக்கு. சின்ன வெங்காயம் மட்டுமே ஐந்து கிலோ உரித்தார்கள்.

"ஏனம்மணி, இந்தக் கம்ப்யூட்டர்க்காரங்க இதையெல்லாம் திம்பாங்களா?" என்றாள் பூவாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"நெய்ய ஊத்துனாத் திம்பாங்க பூவாக்கா."

"நானும் பேசோணுமா அங்க?"

"நீங்கதான் பேசோணும். அதைப் பழக்குனது உங்க பேச்சுதான. நான் எழுதுனேன், அவ்வளவுதான்."

பத்து மணிக்குப் பார்த்தால் பூவாத்தாள் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து, அதன் மேலேயே பழைய சட்டையை மாட்டித் தறி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வாசலில் ஷாமியானா போட்டு, ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். ஹரிதா புரொஜெக்டரும் வயர்களுமாக வந்து இறங்கினாள். அவளோடு கோயமுத்தூர்க்காரர்கள் பத்துப் பேர். மேட்டுப்பாளையத்தில் இருந்து சுந்தரராஜுலு வந்திருந்தார். பாக்கு வியாபாரம், அறுபது தாண்டியவர், மலைக்காரர்கள் அனுப்புகிற ஐம்பது விதமான கேள்விக்கு ஏஜென்ட்டைப் பதில் எழுத வைத்திருக்கிறார். "என்ன மாதிரியே கொஞ்சம் இழுத்துத்தானுங்க பதில் சொல்லும். பழக்கிட்டேன்," என்று வந்தவுடன் சொல்லிச் சிரித்தார்.

ஒன்பது தறிக்காரர்களில் வந்தது நான்கு பேர். அந்த நான்கு பேரும் கடைசி வரிசையில், வண்டியைத் தெருப்பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மற்ற ஐந்து பேருக்கும் யாரோ ஃபோன் செய்திருக்கிறார்கள். அண்டாவில் நாற்பது பேர் சோறு வெந்துகொண்டிருந்தது, வந்திருந்தது பதினாறு பேர்.

ஹரிதா மைக்கைப் பிடித்து வணக்கம் சொன்ன இரண்டாவது நிமிடம் காற்று ஷாமியானாவின் ஒரு பக்கத்தைப் பிடுங்கியது. கம்பு சாய்ந்தது, துணி நாற்காலிகள் மேல் விழுந்து கிடந்தது. நான்கு பேர் சேர்ந்து திரையைப் பிடித்தார்கள், திரையும் நிற்கவில்லை. எல்லோர் தலையிலும் செம்மண்.

"உள்ள போயிரலாமாக்கா?" என்றாள் ஹரிதா.

"ஊட்டுக்குள்ள பத்துப் பேருக்கு மேல கொள்ளாது கண்ணு. மாமா வேற படுத்திருக்கறாரு."

"ஷெட்ல நல்ல எடம் இருக்குதேக்கா. ஒரே ஒரு மணி நேரம் தறிய நிறுத்திக்கிட்டா?"

"முடியாது கண்ணு. வாக்குக் குடுத்துப்போட்டேன்."

மோகன்குமார் ஷெட்டு வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கொஞ்சம் இரக்கம் தெரிந்தது. வாயைத் திறக்கவும் செய்தான். அவன் என்ன சொல்லியிருப்பானோ, அதற்குள் தெருவில் ஒரு டெம்போ வந்து நின்றது.

தம்பிதுரையின் மேஸ்திரியும் நான்கு ஆட்களும் இறங்கினார்கள். கையில் ஸ்பேனரும் கத்திரிக்கோலும் இருந்தன. மேஸ்திரி கீதாவைப் பார்க்காமல் மோகன்குமாரிடம் போனார்.

"அண்ணன் பாவ எடுத்துட்டு வரச் சொன்னாருங்க."

"எந்தப் பாவ? புதுசு ஒண்ணும் எறக்கலையே."

"ஓடீட்டிருக்கறதத்தானுங்க. பன்னெண்டையும்."

ஓடுகிற பாவை யாரும் அறுக்க மாட்டார்கள். பாதி நெய்த பாவைத் தறியில் இருந்து அறுத்து எடுப்பது இலையில் உட்கார்ந்தவனை எழுப்புவதற்குச் சமம். மோகன்குமார் திரும்பி, ஓடுகிற தறிகளைப் பார்த்தான். அதைப் பார்த்தபோது கீதாவுக்கு அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் சூடேறியது.

மேஸ்திரியின் ஆள் ஒருவன் மூன்றாம் தறியை நோக்கிப் போனான். பூவாத்தாள் குறுக்கே வந்து நின்றாள். தறிச் சத்தத்தில் அவள் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. உதட்டைப் படித்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது, அதை இங்கே எழுத முடியாது.

கீதா உள்ளே போய் மேஸ்திரியின் கையில் இருந்த கத்திரிக்கோலை வாங்கினாள். அவர் விட்டுவிட்டார்.

"பாவு அவருதுங்க. எடுத்துட்டுப் போகட்டும்," என்று காதருகே கத்தினாள். "ஆனா உங்க ஆளுங்க தறியத் தொடக் கூடாது. நாங்களே அறுத்துத் தாரோம். ஒவ்வொண்ணா. எழுதி வெச்சுட்டு." பிறகு திரும்பி, "ஹரிதா, அந்தத் தெரைய இங்க கொண்டாந்து செவுத்துல மாட்டு கண்ணு. அல்லாரும் உள்ள வரட்டும். செருப்ப வெளியவே கழட்டச் சொல்லு," என்றாள்.

முதல் தறியின் சுவிட்சைப் பூவாத்தாள் அணைத்தாள். கீதா அறுத்தாள். தறிக்காரர்கள் பாவு தீரும்போது கடைசி நூலைத் தறியில் ஒரு முழம் தொங்க விட்டுத்தான் அறுப்பார்கள். அடுத்த பாவு வரும்போது அதன் ஒவ்வொரு நூலையும் பழைய நூலோடு பிணைத்துவிடலாம். அப்படி விடாவிட்டால் நாலாயிரம் நூலையும் முதலில் இருந்து கண்ணியில் கோக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு அந்தக் கவலை இருக்காது, ஒட்ட அறுத்துவிடுவான். கீதா ஒரு முழம் விட்டு அறுத்து, கொத்துக் கொத்தாக முடிந்து தொங்கவிட்டாள்.

"பேசுங்க பூவாக்கா."

"ஏனுங்க ஏஜென்ட்டு, கேக்குதுங்களா? ஒண்ணாந்தறி. பாவு நம்பரு முப்பத்தொண்ணு. பாதிகூட நெய்யல. நூலு ஒண்ணுகூட அத்துப்போகலீங்க. நாங்க நல்லாத்தான் ஓட்டுனோம். அவரு எடுத்துட்டுப் போறாருங்க."

சுவரில் அந்த வரி எழுத்து எழுத்தாக விழுந்தது. தேதி, நேரம், பாவு எண், படம். "பதிவு செய்யப்பட்டது, நன்றி," என்றது ஏஜென்ட், அந்த நேரத்திலும் மேடைப் பேச்சை விடாமல். கடைசி வரிசை நான்கு பேரும் முன்னால் வந்திருந்தார்கள். ஒருவர் தன் ஃபோனில் சுவரைப் படம் எடுத்தார்.

இரண்டாம் தறி நின்றது, மூன்றாம் தறி நின்றது. ஒவ்வொன்றாக அடங்க அடங்க, பூவாத்தாளின் குரல் ஷெட்டுக்குள் வளர்ந்துகொண்டே வந்தது. இத்தனை நாளும் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடிப்போய்ப் பேசினவள், இப்போது தன் தறிக்குப் பக்கத்திலேயே நின்று பேசினாள். எட்டாவது தறியில் மோகன்குமார் வந்து கீதாவின் கையில் இருந்த கத்திரிக்கோலை வாங்கிக்கொண்டான். "நீ முடிச்சுப் போடு, நான் அறுக்கறேன்," என்றான். பன்னிரண்டாவது வரை அவன்தான் அறுத்தான். ஒரு முழத்துக்கு ஒரு விரல் கூடவே விட்டு அறுத்தான்.

டெம்போவில் ஏற்றும்போது மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு, "நான் சொன்னதச் செய்யறவனுங்க அம்மணி," என்றார்.

"தெரியுங்க. வேல முடிஞ்சா ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போங்க," என்றாள் கீதா. அவர் சாப்பிடாமல் போனார்.

ஷெட்டில் அப்படி ஒரு அமைதியைக் கீதா அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு இருபத்தோரு வருடத்தில் வேலை நாளில் கண்டதில்லை. தம்பிதுரை அவளுடைய கூட்டத்துக்கு இடம் ஒழித்துக் கொடுத்திருந்தார். தறிகளுக்கு நடுவே நாற்காலி போட்டார்கள். சுந்தரராஜுலு எழுந்து, தன் ஏஜென்ட் ஒருமுறை ஒரே லோடு பாக்கை இரண்டு பேருக்குத் தருவதாக ஒப்புக்கொண்ட கதையை ஆரம்பித்தார். "அதுமேல தப்பில்லீங்க. நான் இல்லைன்னு சொல்லக் கத்துக்குடுக்கவே இல்லை. நமக்கே வராதே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கீதாவும் சிரித்தாள், சிரித்தபடியே தொங்குகிற நூல்களைப் பார்த்தாள். திங்கட்கிழமை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

உள்ளே இருந்து மாமனார் கோபாலசாமி குரல் கொடுத்தார். "கரண்டு போயிருச்சா அம்மணி?"

"இல்லீங்க மாமா. கூட்டமுங்க."

"பருப்பு வாசம் வருது. எனக்கு இன்னுமா கஞ்சி?"

பூவாத்தாள் ஒரு தட்டில் போட்டு நெய் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஹரிதா பேசிக்கொண்டிருக்கும்போது கீதாவின் காதில் ஏதோ உறைத்தது. தங்கள் ஷெட் நின்றால் எதிர் ஷெட்டின் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. அதற்கு அடுத்ததும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் இருந்த கடைசி இரண்டு ஷெட்டும் அவள் கவனிக்க ஆரம்பித்த பிறகுதான் நின்றன. தெரு முழுக்க ஒரு தறிகூட ஓடவில்லை. கரண்டு இருந்தது, தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

மோகன்குமாரின் ஃபோன் அடித்தது. சத்தமில்லாத ஷெட்டில் தம்பிதுரையின் குரல் பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

"ஏப்பா மோகனு, தெருவே நின்னுபோச்சுன்னு மேஸ்திரி சொல்றான். ஸ்ட்ரைக்கு பண்றீங்களா? ஆரக் கேட்டுப் பண்றீங்க?"

மோகன்குமாருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்கண்ணா என்று சொல்வான் என்றுதான் கீதா நினைத்தாள். இருபது வருடமாக அவன் அப்படித்தான் சொல்லியிருக்கிறான்.

"கூட்டத்துல இருக்கறனுங்கண்ணா," என்றான் மோகன்குமார். "முடிஞ்சதீம் கூப்படறனுங்க." ஃபோனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். காது மடல் சிவந்திருந்தது.

அப்போதுதான் வாசலில் ஆட்கள் தெரிந்தார்கள். முன்னால் எதிர் ஷெட் ராமுலு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு. அவருக்குப் பின்னால் தெருவே இருந்தது. வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்த ஆண்கள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்ட பெண்கள், தலையெல்லாம் பஞ்சு. வராமல் போன ஐந்து தறிக்காரர்களும் அதில் இருந்தார்கள். காலையில் இருந்து அவர்கள் பார்த்ததெல்லாம் அதுதானே: ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, வெளியூர்க் கார்கள், வாசல் நிறையச் செருப்பு, ஒரு டெம்போ. பிறகு தறி ஒவ்வொன்றாக அடங்கியது. படுத்துக் கிடக்கிற கிழவர் வேறு. இதற்கு மேல் யார் போய்க் கேட்பார்கள்?

"எப்ப அம்மணி?" என்றார் ராமுலு, கரகரத்த குரலில். "காலைலயேவா? ஒரு வார்த்த சொல்லியுடக் கூடாதா?"

கீதாவுக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. விளங்கியபோது அவள் பதில் சொல்வதற்குள் கோபாலசாமியே கையில் தட்டோடு அறை வாசலில் வந்து நின்றார். "ஏ ராமுலு, நீயும் கூட்டத்துக்கா?" என்று கேட்டுவிட்டு, ஒரு வாய் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டார்.

முந்தானையை எடுத்துவிட்டு ஒரு பெண் சிரித்தாள். அது எல்லோருக்கும் பரவியது. யாரோ கோபாலசாமியின் காலைத் தொட்டுப் பார்த்தார்கள். ராமுலுவுக்கு முதலில் ஆறுதல், அப்புறம் கோபம்.

"கெரகம். நாலு பாவுக்காரன் எங்களக் கேள்வி கேப்பான். வாங்கப்பா, போயித் தறிய ஓட்டலாம்," என்று திரும்பினார். திரும்பும்போதுதான் உள்ளே கண் போனது. பன்னிரண்டு தறியும் பாவு இல்லாமல் நின்றுகொண்டிருந்தன. அவர் அப்படியே நின்றார். பின்னால் வந்தவர்களும் அவர் தோளுக்கு மேலே பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்கள். சுவரில் பூவாத்தாள் சொன்ன பன்னிரண்டு வரியும், அதற்கு மேலே சித்திரையில் இருந்து அறுந்த நூல் கணக்கும் இருந்தன. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் வாய்விட்டுப் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள்.

"சாவில்லைங்கறயே அம்மணி," என்றார் ராமுலு மெதுவாக. "அப்பறம் இது என்ன?"

கீதா பத்தாம் தறியில் தொங்கிய நூல் கொத்தைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"மறுபடி பிணைச்சுக்கறதுக்கு நூலு உட்டுத்தானுங்க அறுத்திருக்கறோம். பன்னெண்டுலயும். உக்காருங்க."

ராமுலு அந்தக் கொத்தை இழுத்து முழங்கையோடு வைத்து அளந்தார். ஒரு முழத்துக்கு ஒரு விரல் கூடவே இருந்தது. சாவு வீட்டுக்கென்று இடுப்பில் கட்டிய துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, மோகன்குமார் இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார்.